பின்கதவுக் கண்ணாடி

தையல் மெஷின்களைப் பழுது பார்ப்பவள் என்பதால் எல்லோரும் அவளை ‘மெஷின் டாக்டர்’ என்பார்கள். அவளுடைய காரிலேயே ஒரு தீராத வியாதி. ஸ்விட்சைத் தொடாமலே இடது பின்கதவுக் கண்ணாடி இறங்கும். “மோட்டாரை மாத்தியாச்சு மேடம், இனிமே வராது” என்று சர்வீஸ் மேனேஜர் மூன்று முறை சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். மூன்று முறையும் வீடு வந்து சேருமுன் இறங்கிவிட்டது.

மோட்டார்களைப் பிரித்து மேய்ந்தவளுக்கு இது எம்மாத்திரம்? கதவின் உள்பக்க மூடியை அவளே கழற்றினாள். உள்ளே மோட்டாரே இல்லை. பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

“கையும் களவுமா மாட்டினாங்க!” என்று கணவரிடம் துள்ளினாள்.

“மோட்டார் இல்லாம கண்ணாடி எப்படிம்மா நிக்குது?”

“அதையும் அவங்ககிட்டயே கேக்கறேன்.”

மறுநாள் மூடியில்லாத கதவோடு சர்வீஸ் சென்டருக்குக் கிளம்பினாள். பாலம் தாண்டியதும் கண்ணாடி இறங்கியது. மோட்டார் இறக்குவது போல ஒரே சீராக அல்ல. பழைய கார்களில் கைப்பிடியைச் சுற்றுவார்களே, அப்படி விட்டு விட்டு. குளிர்காற்று பிடரியில் அடித்தது. பிள்ளைகளை அதட்டும் பழக்கத்தில், “போதும், ஏத்து” என்றாள்.

கண்ணாடி விட்டு விட்டு ஏறியது.

வெறுங்கதவைப் பார்த்ததும் மேனேஜர் கையெடுத்துக் கும்பிட்டார். “தப்புதான் மேடம். இப்பவே புது மோட்டார் போட்டுடறோம்.”

“வேண்டாம். மூடியை மட்டும் மாட்டிக் குடுங்க. பார்த்து மாட்டுங்க, கை நசுங்கிடப் போகுது.”

“எங்க ஆளுங்க பழகினவங்க மேடம்.”

“உங்க ஆளுங்களைச் சொல்லலை” என்றாள்.