ஒன்பது காலன் பீப்பாய்

திங்கட்கிழமை பீர் ஆலையிலிருந்து ஒரு ஃபர்கின் வந்தது. ஒன்பது காலன் கொள்ளும் சின்னப் பீப்பாய். ஹெஸ்டரும் அவள் கணவன் ரோலண்டும் நடத்திய பப்பின் நிலவறையில் அதைக் கிடத்தியிருந்தார்கள். வியாழன் வரை அதிலிருந்து பன்னிரண்டு காலன் விற்றாகிவிட்டது. வெள்ளி காலை ரோலண்ட் அளவுகோலை விட்டுப் பார்த்தபோதும் பீப்பாய் நிறைந்தே இருந்தது.

பப் ஆலைக்குச் சொந்தம்; அங்கே ஆலையின் பீரை மட்டுமே விற்கலாம். வெளியே பீர் வாங்கியது தெரிந்தால் பப்பும் போய்விடும், மாடியில் இருந்த அவர்கள் வீடும் போய்விடும். அன்றுதான் ஆலையின் ஆள் சோதிக்க வருகிறார்.

“உன் தம்பிகிட்ட வாங்கி ஊத்துறியா?” என்றாள் ஹெஸ்டர்.

“அவன் காய்ச்சுற பீரை நம்ம பூனைகூட மோந்து பாக்காது, கண்ணு.”

“சிரிக்காதே. நேத்து நிலவறையை நான்தான் பூட்டினேன். இன்னொரு சாவி உன்கிட்டதான் இருக்கு.”

“அதையும் நீயே வச்சுக்கோ. கோலையும் நீயே விட்டுப் பாரு.”

அவள் பித்தளைப் பிடியைப் பற்றி, பீப்பாயின் மேல்துளையில் கோலை இறக்கினாள். பாதி வெளியே நிற்க வேண்டிய கோல், அடியைத் தொடாமல் அவள் விரல்களிலிருந்து நழுவி முழுவதும் உள்ளே போனது. இருவரும் குனிந்து கேட்டார்கள். அது எங்கும் தட்டிய சத்தம் இல்லை.

ஹெஸ்டர் கணவனின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே வாசல் மணி அடித்தது.

அப்போது கோல் மெல்ல மேலே வந்தது. பித்தளைப் பிடி கீழே பீருக்குள் இருந்தது, கோலின் அடிமுனை மேலே. உள்ளிருந்து யாரோ நீட்டுவதுபோல அது கைக்கு எட்டும் உயரத்தில் நின்று, யாராவது வாங்கிக்கொள்வதற்காகக் காத்திருந்தது.