ஏழாம் தட்டின் ஈரம்

"எவ தண்ணி ஊத்தினது?" டாக்டர் குல்ஹரியின் கத்தலில் ஹரியானாவின் ஹிசார் வேளாண் ஆராய்ச்சிப் பண்ணையே அதிர்ந்தது.

வறட்சியைத் தாங்கும் கோதுமை ரகத்தைக் கண்டறிய, இருபது நாளாகத் தட்டுகளில் வளர்ந்த நாற்றுகளுக்குத் தண்ணீர் காட்டவில்லை. எல்லாம் வாடிக் கிடக்க, அவருடைய மாடி வீட்டுச் சுவரடியில் இருந்த ஏழாம் தட்டு மட்டும் ஈரத்தோடு பசேலென்றிருந்தது.

"நான் ஒரு சொட்டுகூட ஊத்தல சாகிப்" என்றாள் காவலுக்கிருந்த கூலிக்காரி சந்த்ரோ.

"பொய்! பாவம் பாத்து ஊத்தியிருப்பே. இல்ல, ஆகாயத்துலேருந்து கொட்டுச்சா? நாளையிலேருந்து வேலைக்கு வராதே!"

சந்த்ரோவுக்குச் சுர்ரென்று ஏறியது. தட்டின் மண்ணைக் கிளறி, உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். குங்குமம் ஒட்டிய அரிசி.

"மேலேருந்துதான் கொட்டுச்சு! தினம் விடிஞ்சதும் மாடியில நின்னு, கண்ணை மூடிக்கிட்டு, சூரியனுக்குன்னு குங்குமமும் அரிசியும் போட்டு ஒரு செம்புத் தண்ணி விடுறீங்களே... அதைச் சூரியன் குடிக்கல, சாகிப்!"