உடையாமல் வந்த முட்டைகள்

"சார், அவன் கொண்டு வந்தது எல்லாம் அவிச்ச முட்டை!"

ஷிஜா கத்தியதில் வகுப்பே எழுந்து நின்றது.

லாஜிஸ்டிக்ஸ் இரண்டாம் ஆண்டு, பேக்கிங் செய்முறைத் தேர்வு. வீட்டிலிருந்து கல்லூரிவரை ஆறு பச்சை முட்டைகளை பஸ்ஸில் உடையாமல் கொண்டுவர வேண்டும். ஜெயிப்பவருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் பயிற்சி. இடம் ஒன்றே ஒன்று.

ஜெபசிங்கின் பெட்டி இன்னும் பெஞ்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. மற்றவர்களுடையதும் ஏறக்குறைய ஆம்லெட்தான். தப்பியது ஆரியசாலையிலிருந்து ஒரே பஸ்ஸில் வந்த ஷிஜா, சிபி இருவருடையதும் மட்டும்.

"உன்னோடதும்தான் உடையலையே?" என்றார் கேசவ் சார்.

"நான் அட்டையை அளந்து, அறை அறையா வெட்டி பேக் பண்ணினேன் சார். இவன் வெறும் தேங்காய் நாரைத் திணிச்சிருக்கான். அந்த பஸ் குதிச்ச குதிக்கு எப்படி சார் உடையாம இருக்கும்?"

"நீ என்னடா சொல்ற?"

சிபி தலையைச் சொறிந்தான். "இடத்தை அவளுக்கே கொடுத்திடுங்க சார்."

"கண்டோ, பாத்தியா! கள்ளன் பயந்துட்டான்!" பின் பெஞ்சு மேசையைத் தட்டியது.

"சுத்திப் பாருங்க சார்," என்றாள் ஷிஜா. "அவிச்சதுன்னா பம்பரம் மாதிரி சுத்தும். பச்சைன்னா தள்ளாடும்."

சிபி மேசைக்குக் குறுக்கே வந்தான். "வேண்டாம் சார். நான் விலகிக்கறேன்."

சார் அவனை ஒதுக்கிவிட்டு அவன் முட்டை ஒன்றைச் சுற்றினார். தள்ளாடி நின்றது. அடுத்ததும் தள்ளாடியது. ஆறும் அப்படியே.

"சரி, நியாயம்னா ரெண்டு பேருக்கும்தானே?"

சார் சுற்றிவிட்ட ஷிஜாவின் முட்டை மேசை விளிம்புவரை பம்பரமாகச் சுற்றிக்கொண்டே போனது.

"அடிபொளி!" என்று அலறினான் ஜெபசிங்.

ஷிஜா போனை எடுத்து அம்மாவை அழைத்தாள். ஸ்பீக்கரில் மாடம்மாளின் குரல் வகுப்பை நிறைத்தது.

"உடையக் கூடாது, உடையக் கூடாதுன்னு ராத்திரி பூரா புலம்பினியே மக்களே! அதான் நீ குளிக்கப் போன நேரம் பெட்டியிலேருந்து எடுத்து அவிச்சு, திரும்ப உள்ள வச்சேன். பிள்ளைங்க எல்லாரும் தின்னாச்சா?"

கூரை பிய்ந்துவிடும்போல் சிரிப்பு. சாரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"விழிஞ்ஞம் உனக்குத்தான் சிபி. ஆமா, உனக்கு முன்னாடியே தெரியுமோ?"

"பஸ்ல அவளுக்கு இடம் கிடைக்கல சார். பெட்டியை என் மடியில வச்சுக்கத் தந்தா." சிபி தரையைப் பார்த்தான். "சூடா இருந்தது."

அதற்குள் ஜெபசிங் ஒரு முட்டையை உரிக்கத் தொடங்கியிருந்தான். "எனக்கு, எனக்கு" என்று மொத்த வகுப்பும் பெட்டியைச் சூழ்ந்தது.

அட்டைக்கு அடியில் ஒரு காகிதப் பொட்டலம் இருந்தது. மிளகும் உப்பும். ஷிஜா ஒரு முட்டையை உரித்து, இரண்டாகப் பிளந்து, தூவி, சிபியின் தேங்காய் நாரின்மேல் வைத்தாள்.