மூன்றடிச் சாய்ப்பு

அகதி முகாமுக்கு வந்த முதல் வருஷம், மூன்று மாதம்தான் என்று சொல்லிக் கூடாரம் கொடுத்தார்கள். நான்காம் வருஷம், கூடாரத்தைப் பிடுங்கிவிட்டுக் குடும்பத்துக்கு ஒரு தகர அறை என்றார்கள், பத்தடிக்குப் பத்தடி. ஒன்பதாம் வருஷம், குழாயை மூடிவிட்டு லாரித் தண்ணீர் விட்டார்கள். பன்னிரண்டாம் வருஷம், முகாமில் எப்படி வாழ்கிறோம் என்று அளக்க ஒரு ஆராய்ச்சிக்காரி வந்தாள்.

அடுப்பு எங்கே, மாமியார் படுப்பது எங்கே, துணி மாற்றுவது எந்த மூலையில். டேப் வைத்து அளந்து, நோட்டில் படம் வரைந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் குறட்டையையும் அளந்துக்கோம்மா. பாதி இடத்தை அதுதான் அடைக்குது," என்றாள் தையல்கார அக்கா.

பத்தே நாளில் அந்த அக்கா வீட்டுக்கு முகாம் அதிகாரி கடப்பாரையோடு ஆள் கூட்டி வந்தார். சந்துக்குள் நீண்டிருக்கும் மூன்றடிச் சாய்ப்பை இடிக்க உத்தரவு. தையல் மெஷின் நிற்பது அதில்தான். ஆறு வயிறு அந்த மெஷினை நம்பி.

"பாம்புக்குப் பால் வார்த்தோம்," என்று ஆராய்ச்சிக்காரியின் நோட்டைப் பிடுங்கினேன்.

அக்கா வீட்டுப் படம் இருந்தது. பத்துக்குப் பத்து. சாய்ப்பையே காணோம்.

"ஏன் வரையல?"

"அக்கா வேண்டாம்னாங்க. விட்டுட்டேன் அண்ணா."

அப்படியானால் துரோகி எங்களுக்குள்ளேயே. எனக்கு ரத்தம் கொதித்தது. முகாம் பள்ளிக்கூட வாத்தியாரையும் தண்ணீர் லாரி டிரைவரையும் அதிகாரி முன்னால் இழுத்து நிறுத்தினேன்.

"சார், காட்டிக் கொடுத்தவன் பேரை இந்த ரெண்டு சாட்சி முன்னால படிங்க. அப்புறம் இடிங்க."

"காட்டிக் கொடுக்கல அண்ணே. கூடுதல் இடம் கேட்டு மூணு மாசம் முன்னாடி வந்த மனு," என்று அதிகாரி காகிதத்தைப் பிரித்தார். "'அதிகார வர்க்கமே, கண் திறந்து பார்! நாற்பத்தேழாம் எண் அறையில் மெஷினுக்கு இடமின்றி, ஒரு தையற்காரி சந்தில் மூன்றடி சாய்ப்பு இறக்கியிருக்கும் அவலத்தை...'"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போதும் சார்," என்றேன்.

"எங்க போதும்? சாட்சிக்கு நிக்க வச்சிட்டு," என்றார் வாத்தியார். "கீழே கையெழுத்து யாரு? அதையும் படிங்க."

அதிகாரி, சந்துக்கே கேட்கும்படி, நிறுத்தி நிதானமாகப் படித்தார்.

என் பெயர்.