தங்கமீன் பேனா

நீதிபதி கோட்டுப் பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்ததும் குப்புசாமி பெஞ்சு நுனிக்கு நகர்ந்தான்.

கறுப்பு அரக்கு. அதன் மேல் தங்கப்பொடியில் இரண்டு மீன்கள். எவனோ ஒரு ஜப்பான்காரன் மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தது.

சயாஜி ராவ் ரோடு காகிதக் கடையில் பதினெட்டு வருஷமாகப் பேனா விற்கிறான் குப்புசாமி. இந்த ரகத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறான். ஒரே ஒரு வரி எழுதிப் பார்க்கக் கிடைத்தால் ஒரு மாசச் சம்பளத்தைக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லி, கடைப் பையன்களிடம் பைத்தியக்காரப் பட்டம் வாங்கியவன்.

இன்று அவன் பேனா பார்க்க வரவில்லை.

கூண்டில் நிற்பது அவன் தம்பி விஜய்குமார். சொந்த ஊரான மார்டள்ளியில் ஒரு வேலித் தகராறு. அப்பனும் மகனுமாக இரண்டு பேர் வெட்டுப்பட்டுச் செத்தார்கள். வெட்டியது விஜய்குமார்தான் என்று திங்கட்கிழமையே கோர்ட்டில் சொல்லியாகிவிட்டது. இன்று தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று.

தூக்கா, ஆயுளா?

நீதிபதி அரைமணி நேரம் இங்கிலீஷில் தீர்ப்பை வாசித்து முடித்திருந்தார். பாதியை மின்விசிறிச் சத்தம் தின்றுவிட்டது. மீதி குப்புசாமிக்கு விளங்கவில்லை. முன்வரிசையில் இருந்த தம்பியின் வக்கீல் திரும்பினால் கேட்கலாம். அவர் திரும்பவில்லை. குனிந்தபடி காகிதக் கட்டுக்குள் எதையோ தேடிக்கொண்டே இருந்தார்.

பக்கத்தில் இருந்த தம்பி பெண்டாட்டி ரூபா முழங்கையால் இடித்தாள்.

"ஏனுங் மாமா, உங்க தம்பி தல போற நேரத்துலயும் பேனாவத்தான் மொறச்சுப் பாப்பீங்களா?"

"இரு புள்ள. அந்தப் பேனாதான் சொல்லும்."

ரூபாவுக்குத் தெரியாத ஒரு விஷயம் அவனுக்குத் தெரியும்.

தூக்கு என்று தீர்ப்பெழுதிக் கையெழுத்துப் போட்டால், நீதிபதி அந்த இடத்திலேயே நிப்பை மேஜையில் குத்தி முறித்துவிடுவார். ஓர் உயிரை எடுத்த பேனா இன்னொரு எழுத்து எழுதக்கூடாதாம். கோர்ட்டில் அப்படி ஒரு வழக்கம்.

அந்தத் தங்க நிப்பை எவன் முறிப்பான்?

உலகம் முழுக்கச் சல்லடை போட்டாலும் அதற்கு ஜோடி அகப்படாது. ஒரு பேனாப் பைத்தியத்தின் மனசு இன்னொரு பைத்தியத்துக்குத் தெரியாதா?

நீதிபதி மூடியைத் திருகினார். முதல் தாளின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

குப்புசாமிக்குக் கண் நிறைந்தது.

"பொழச்சுட்டான் புள்ள! அந்தப் பேனாவுல கையெழுத்து உழுந்துட்டா நம்ம பையன் உசுருக்குப் பயமில்ல."

ரூபாவுக்கு அது போதும். மாதேஸ்வரன் மலை இருக்கும் திக்கை உத்தேசமாகப் பார்த்துக் கும்பிட்டாள். பிறகு கூண்டைப் பார்த்துத் தலையசைத்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவையாக விஜய்குமார் சிரித்தான்.

இரண்டாம் தாள். மூன்றாம் தாள். கிளார்க் புரட்டப் புரட்ட, தங்கமீன்கள் ஒவ்வொரு தாளிலும் துள்ளி எழுந்தன.

தண்டனை எழுதிய கடைசித் தாள் வந்தது.

பேனா காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது.

நீதிபதி நிப்பை ஒரு கணம் பார்த்தார். மூடியை எடுத்து, அவசரமில்லாமல் திருகி மூடினார். கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். கிளார்க்கைக் கூப்பிட்டு மெல்ல ஏதோ சொன்னார்.

பெஞ்சு நுனியிலிருந்த குப்புசாமி பின்னுக்குச் சாய்ந்தான்.

கிளார்க் டிராயரை இழுத்துத் துழாவினார். எல்லாம் பால்பாயின்ட். போலீஸ்காரர் பையிலும் பால்பாயின்ட். வக்கீல் பையிலும் அதுவே. தொண்ணூற்றைந்தாம் வருஷத்தில் நிப் பேனாவை யார் சுமக்கிறார்கள்?

கிளார்க் ஜனங்கள் பக்கம் திரும்பிக் கன்னடத்தில் குரல் கொடுத்தார். யாரிடமாவது இங்க் பேனா இருக்கிறதா?

ரூபாவுக்கு அந்த அளவு கன்னடம் தெரியும். நீதிபதியின் பேனாவில் மை தீர்ந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். இன்னும் ஒரே ஒரு கையெழுத்து. அதற்குள் இப்படியா என்று பதறினாள்.

குப்புசாமியின் கை சட்டைப் பையை மூடப் போனது. அவள் முந்திக்கொண்டாள். அவன் பையிலிருந்த பேனாவை உருவி, எழுந்து நின்று, தலைக்கு மேல் உயர்த்தினாள்.

"இந்தாங்க சாமி, எங்ககிட்ட ஒண்ணு இருக்குதுங்க!"

கிளார்க் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அவள் உட்கார்ந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. மூச்சு வாங்கியபடியே அவன் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டாள்.

"நல்லா எழுதுமுங்களா மாமா?"