ஜின்னுக்குக் குளிசை

ஜெமீலுக்குக் காது இரையத் தொடங்கி மூன்று மாதம். அந்த மூன்று மாதமும் வீட்டில் ஊரடங்குச் சட்டம்தான்.

ஃபேன் சுற்றக்கூடாது. குக்கர் விசிலடிக்கக்கூடாது. மனைவி ஸல்ஹா குசினியில் அடுப்படிக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக மெல்லமாகப் பாட விட்டிருந்த ரேடியோவையும் நிறுத்தியாயிற்று. கரண்டி ஒன்று தவறி விழுந்தாலே மனிதர் துள்ளிக் குதிப்பார்.

திருகோணமலை உட்துறைமுகத்துக்குப் பக்கத்தில் படகு இஞ்சின் திருத்தும் பட்டறை அவருடையது. நாள் முழுக்கக் கிறைண்டர் போட்டுத் தெருவையே அலற வைத்தவருக்கு இப்போது அமைதி தேவைப்பட்டது.

வைத்தியம் சொல்லாத ஆள் ஊரில் இல்லை. ஆனால் ஜெமீல் எதைக் கொண்டு வந்தாலும் ஸல்ஹா குறுக்கே நின்றாள்.

உள்ளித் தைலம் கொண்டு வந்தார்.

"அதைக் காதுக்குள்ள ஊத்தாதீங்க. எரியும். இரைச்சல் போகாது."

ஸிங்க் குளிசை கொண்டு வந்தார்.

"சாப்பிடாமப் போட்டா ஓங்காளிக்கும். சாப்பிட்டுட்டுப் போட்டாலும் ஒண்டும் நடக்காது."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றாய்?"

"ரேடியோவை மெல்லமாப் போட்டு விடுங்க. வீடு இப்பிடிச் சத்தமில்லாமக் கிடந்தா இரைச்சல் இன்னும் கூடத்தான் கேக்கும்."

காது இரைகிறது என்று துடிக்கிறவனிடம் ரேடியோ போடச் சொல்கிறாளே! ஜெமீலுக்கு மனம் விட்டுப் போனது. நான் சுகப்படுவதில் இவளுக்கு விருப்பமே இல்லையா என்று யோசித்தார். யோசிக்க யோசிக்க அப்படித்தான் பட்டது.

ஒருநாள் மீன் வியாபாரி ஸெய்னுதீன் பட்டறைக்கு வந்து, கூட்டாளியின் நிலைமையைப் பார்த்துவிட்டு, "மச்சான், மத்ததெல்லாத்தையும் விடு. ஜின்கோ குளிசை எடு" என்றான்.

பக்கத்தில் கிறைண்டர் ஓடியது. காதுக்குள் இரைச்சல் ஓடியது. இரண்டுக்கும் நடுவில் ஜெமீலுக்குக் கேட்டது "ஜின்னுக்குக் குளிசை எடு" என்றுதான்.

அவருக்கு வியர்த்துவிட்டது. ஜின் பிடித்தால் ஓதிப் பார்ப்பார்கள். குளிசை கொடுப்பார்களா? ஜின் குளிசை விழுங்குமா, தான் விழுங்க வேண்டுமா? பட்டறையை அரைநேரத்தில் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"ஸல்ஹா, எனக்கு ஜின்னாம்! அதுக்குக் குளிசை இரிக்காம்! ஸெய்னுதீன் சொல்றான்!"

ஸல்ஹா அரிசி களைந்த கையைத் துடைத்தாள். "அது ஜின் இல்ல, ஜின்கோ. ஒரு மரத்துட இலை. நீங்க நெஞ்சு வருத்தத்துக்கு அஸ்பிரின் போடுறீங்க. ரெண்டையும் சேத்துப் போட்டா ரெத்தம் வந்தா லேசில நிக்காது. வேணாம்."

ஜெமீலுக்குத் தலை சுற்றியது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவளுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? யார் சொல்லிக் கொடுத்தது? ஜின் பயம் போய் இந்தக் குழப்பம் வந்து உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் காலை அவளிடம் சொல்லாமலே பாமசிக்குப் போனார். மருந்து எடுத்துக் கொடுக்க லக்சனா என்ற பெண் நின்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை நானா என்றும் அக்காமாரை ராத்தா என்றும் முறை வைத்துக் கூப்பிடுகிறவள்.

"தங்கச்சி, காது இரைச்சலுக்கு ஜின்கோ இரிக்கா?"

"வேற மருந்து ஏதும் போடுறீங்களோ, நானா?"

"அஸ்பிரின்."

"அப்ப டொக்டரைக் கேக்காமத் தர ஏலாது. ரத்தம் கசியப் பாக்கும். போட்டாலும் இரைச்சல் நிக்குமெண்டு நிச்சயமில்ல."

ஜெமீலுக்குப் பொறுமை போய்விட்டது. "இதையேதான் என்ட மனிசி ஸல்ஹாவும் சொல்றா! ரெண்டு பேரும் கதைச்சு வச்சிரிக்கிறீங்களா?"

லக்சனாவின் முகம் மலர்ந்தது. "ஸல்ஹா ராத்தாவின்ர ஆளோ நீங்கள்? அவ வாங்கிப் பாக்காத மருந்து இந்தக் கடையில இல்ல. தைலம், ஸிங்க், ஜின்கோ, எல்லாம் பாத்திட்டா. ஒண்டுக்கும் நிக்கேல்ல, பாவம்."

"எது நிக்கேல்ல?"

"காது இரைச்சல்தான். மூதூர்ல சண்டைக்குள்ள செல் விழுந்து வெடிச்ச நாளில இருந்து இரையுதெல்லோ. பதினெட்டு வருஷம்."

செல் விழுந்த அன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஓடியவர் ஜெமீல்தான். ஓடித் தப்பிய பிறகு, உனக்கு ஏதும் ஆயிற்றா என்று கேட்டோமா என யோசித்துப் பார்த்தார். கேட்ட நினைவில்லை. அவளும் சொன்ன நினைவில்லை. 

அவருக்கு இது புதுச் செய்தி என்பது லக்சனாவுக்கு விளங்கவில்லை. அவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள்:

"உங்களை ஒருக்காப் பாக்க வேணுமெண்டு எனக்குக் கனநாள் ஆசை, நானா. மருந்து வாங்க வரேக்க எல்லாம் ராத்தா ஒரே கதைதான் சொல்லுவா, 'நான் பேசாமத்தான் இரிப்பன், என்ட மனிசன்தான் என்ட காதை நெனச்சுக் கவலைப்பட்டு அனுப்பி விடுவார்' எண்டு."