நாலு சில்லும் ஒரு சத்தமும்

டீக்... டீக்... டீக்...

"வந்திட்டு அடுத்த பொய்!" சீனிமுகம்மது துள்ளி எழும்பினார். "மச்சான், நிப்பாட்டாதீங்க! அந்தச் சாமானைக் கழட்டி ஆத்துக்குள்ள எறிங்க!"

வானை ஓட்டிக்கொண்டிருந்த நிஸாம், கதுறுவெலப் பள்ளிவாசலுக்கு முன்னால் ஓரங்கட்டினார்.

இன்றிரவு ஹஜ்ஜுக்குப் பறக்க வேண்டும். சீனிமுகம்மதுவின் உம்மா ஸைனம்புவுக்கு ஆயுசுக்கும் இருந்த ஒரே ஆசை. சுனாமியும் யுத்தமும் தள்ளித் தள்ளிப் போட்ட பயணம் இப்போதுதான் கைகூடியிருக்கிறது. துணைக்கு மகன். பொழுதுபட்டு மஃரிபு பாங்கு சொல்ல முதல் கட்டுநாயக்காவில் நிற்காவிட்டால் குழு விட்டுவிட்டுப் போய்விடும். காலை ஒன்பது மணி தாண்டிச் சாய்ந்தமருதில் ஏறும்போதே சீனிமுகம்மது அறிவித்திருந்தார்: "வழியில எங்கயும் நிப்பாட்டுறல்ல. ஒரே பிடி!"

யார் கேட்டார்கள்?

மச்சான் நிஸாம், தங்கை ஜுனைதாவின் புருசன். கத்தாரிலிருந்து வந்து பழைய வான் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், அடுப்பு, தண்ணித்தாங்கி எல்லாம் பூட்டி ஓடுகிற வீடாக்கி வைத்திருந்தார். அது போதாதென்று ஒவ்வொரு சில்லின் வால்விலும் ஒரு மூடி, முன்னால் குட்டி ஸ்கிறீன். டயரில் காற்று இறங்கினால் கத்துமாம்.

"காலால ஒரு உதை உதைச்சா காத்து எவ்வளவெண்டு தெரிஞ்சிரும். இதுக்கொரு டீவியா?" என்றுதான் சீனிமுகம்மது சிரித்தார்.

ஆனால் ஏறாவூரில் அது முதல் தரம் கத்தியபோது பின் டயரில் மெய்யாகவே ஆணி ஏறியிருந்தது. "பாத்தீங்களா, ஓடக்குள்ளயே காட்டிக் குடுத்திட்டு!" என்று நிஸாம் குதித்தார்.

பிறகு ஓட்டமாவடியில் கத்தியது. ஒன்றுமில்லை. இப்போது கதுறுவெல. சீனிமுகம்மது இறங்கி நாலு டயரையும் உதைத்தார். நாலும் கல்.

"ஒரு ஆணிக்கு எத்தின தரம் அழும் இது? பால்குடிப் புள்ளையா?"

"பெரிய பயணம் மச்சான். பாத்துத்தான் போகணும்."

"பாத்துப் பாத்துப் போனா பிளேன்ட வாலைத்தான் பாக்கலாம்!"

பின்னாலிருந்து உம்மாவின் குரல் முக்காட்டுக்குள்ளால் மெல்ல வந்தது. "ஜுனைதா, உன்ட கூடப்பிறந்த காக்காட்டச் சொல்லு மகள். மருமகன் எதுவும் பாத்துத்தான் செய்வார்."

ஸைனம்பு அப்படித்தான். மருமகன் அந்த வீட்டுக்கு வந்து எத்தனையோ வருசம். ஒரே கூரை, ஒரே சோற்றுப்பானை. ஆனால் ஒரு சொல் நேரே கதைத்ததில்லை. எல்லாம் மகள் வழியாகத்தான்.

"இறங்கினதோட இறங்கின, பள்ளிப் பக்கம் போய் முகம் கழுவிட்டு வாறம்," என்று ஜுனைதா உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள்.

தம்புள்ளை தாண்டியது. வெயில் சரிந்தது. குழுத் தலைவரின் போன்: "எங்க நிக்கிறீங்க? எல்லாரும் வந்திட்டாங்க!"

சீனிமுகம்மது மணிக்கூட்டைப் பார்த்தார். எழும்பிப் போய் முன் ஆசனத்தில் குந்தினார். "இனி ஒருக்காக் கத்தட்டும், நானே பிடுங்குவன்!"

கண் ஸ்கிறீனை விட்டு அசையவில்லை. நாலு சில்லு, நாலு பச்சை வெளிச்சம்.

குருநாகலுக்கு இந்தப் பக்கம் ஒரு பெற்றோல் செட் தெரிந்தது.

டீக்... டீக்...

நாலும் பச்சைதான். ஆனால் நிஸாமின் பெருவிரல் ஸ்கிறீனுக்குக் கீழே, சத்தத்தைச் சோதித்துப் பார்க்கிற பட்டனில் அழுந்தியிருந்தது.

"அடப் பாவி மச்சான்! நீங்களா..."

"மெல்ல." நிஸாம் கண்ணாடியைக் காட்டினார்.

கண்ணாடிக்குள் உம்மா. முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, முன் கம்பியை இறுக்கிப் பிடித்தபடி.

"மாமிக்குச் சீனி வருத்தமெல்லா, அடிக்கடி இறங்கணும்," நிஸாம் குரலைத் தாழ்த்தினார். "ஏறாவூரில ஆணிக்கு நிண்டமே, இறங்கிப் போயிட்டு வந்த பிறகுதான் அவட முகத்தில உசிர் வந்திச்சு. 'நிப்பாட்டுங்க' எண்டு எனக்கு, உசிர் போய் மௌத்தானாலும், சொல்ல மாட்டா. நானாக் கேட்டா வெக்கத்தில இறங்கவே மாட்டா. டயருக்கெண்டு நிண்டா ஆருக்கு வெக்கம்?"

சீனிமுகம்மது வான் நின்றதும் கதவைத் திறந்தார். இறங்கினார். நாலு டயரையும் ஒவ்வொன்றாக, ஆறுதலாக உதைத்துப் பார்த்தார். உம்மா திரும்பி வந்து ஏறும்வரை உதைத்துக்கொண்டேயிருந்தார்.

மஃரிபு பாங்குக்குச் சற்று முன் கட்டுநாயக்கா வந்துவிட்டது. அணைத்தல், அழுகை, சலாம். நிஸாமும் ஜுனைதாவும் வெளியே நின்றுவிட்டார்கள்.

உள்ளே நீண்ட வரிசை. முன்னும் பின்னும் முகம் தெரியாத ஆண்கள். குழுத் தலைவர் ஹாஜியார் கை தட்டினார். "கெதியா வாங்க, கெதியா! ஒருத்தரும் வரிசைய விட்டு விலகப்படா!"

சீனிமுகம்மது உம்மாவைத் திரும்பிப் பார்த்தார். முக்காட்டு நுனி பல்லுக்குப் போயிருந்தது.

"ஹாஜியார், நில்லுங்க நில்லுங்க!" சீனிமுகம்மது வரிசையின் நடுவே பொத்தென்று குந்திவிட்டார். "என்ட செருப்பு வார் அறுந்திட்டு! உம்மா, அந்தா அந்தக் கதவுப் பக்கம் போய் நில்லுங்க, நான் இதக் கட்டிட்டு வாறன்."

"இந்த நேரத்திலயா?" பின்னால் நின்றவர்கள் முறுமுறுத்தார்கள். "ஹஜ்ஜுக்கு வாற மனிசன் ஒரு நல்ல செருப்புப் போட்டு வரப்படாதா?"

சீனிமுகம்மது தலை நிமிரவில்லை. பெண்கள் கழிவறைக் கதவு மறுபடி திறக்கும்வரை, அறுந்து போகாத அந்தப் புதுச் செருப்பின் வாரைக் கட்டிக்கொண்டேயிருந்தார்.